பவல் ஏரியில் வேக்சர்ஃபிங்: முதலில் பாறையைப் பாருங்கள், பிறகு படகை

படகு கிளப்பும் அலையிலேயே, கயிற்றை விட்டுவிட்டுப் பலகைமேல் நின்று சறுக்குவதுதான் வேக்சர்ஃபிங். அதைப் பற்றிய பேச்சு படகில்தான் தொடங்கும். எந்த மாடல், எத்தனை கிலோ பலாஸ்ட் (படகைத் தாழ்த்த ஏற்றும் நீர் எடை), எந்த போர்டு என்று போகும். பவல் ஏரிக்கு இந்த வரிசை ஒத்துவராது. இங்கே முதலில் தீர்மானிக்க வேண்டியது இடம். அடுத்தது நேரம். படகைச் சரிசெய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். காரணம், ஏரியின் கரை பெரும்பாலும் செங்குத்தான மணற்பாறை. மணற்கரையோ நாணலோ இருக்கும் ஏரியில் படகு கிளப்பிய அலை கரையில் ஏறி உடைந்து, அங்கேயே ஆற்றலை இழந்துவிடும். செங்குத்துச் சுவரில் மோதினால் அது அப்படியே திரும்பி வரும். எதிர்ச்சுவரில் மோதி மறுபடியும் வரும். அடுத்த சுற்றில் நீங்கள் ஓட்டுவது உங்கள் சொந்த அலைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரில்.

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநில எல்லையில், கொலராடோ ஆற்றைக் க்ளென் கேன்யன் அணை மறித்ததால் உண்டான நீர்த்தேக்கம் இது. 1963-ல் நீர் தேங்கத் தொடங்கியது. முழுதாக நிரம்ப 1980 வரை ஆனது. நிரம்பி நிற்கும்போது நீளம் 186 மைல், கரையின் நீளமோ 1,960 மைல் அளவு. பக்கவாட்டில் விரல்களாகப் பிரியும் கிளைப் பள்ளத்தாக்குகள் தொண்ணூறுக்கும் மேல். பாலைவனத்தின் நடுவே இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது சர்ஃப் செய்ய இடத்துக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். ஆனால் நல்ல அலை எழும் இடமும், எழுந்த அலை பிறருக்குத் தொல்லையாகாமல் அடங்கும் இடமும் ஒன்றாக அமைவது அரிது. அந்த இரண்டும் சேர்ந்த இடத்தைத் தேடுவதுதான் பாதி வேலை.

நீர்மட்டமும் வரைபடமும்

ஏரியின் முழு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி. அச்சிட்ட வரைபடங்களும் பல மின்னணு வரைபடங்களும் ஆழத்தை இந்த மட்டத்தை வைத்தே காட்டுகின்றன. ஏரி அந்த மட்டத்தில் இருப்பது அபூர்வம். 2023 ஏப்ரலில் சுமார் 3,520 அடி வரைக்கும் இறங்கியது. ஆகவே கிளம்பும் முன் அன்றைய மட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க அரசின் நீர்வள அமைப்பு அதைத் தினமும் வெளியிடுகிறது. 3,700-லிருந்து அன்றைய மட்டத்தைக் கழித்து, வரும் எண்ணை வரைபடத்தின் ஆழத்திலிருந்து கழியுங்கள். அன்றைய மட்டம் 3,550 என்றால் வித்தியாசம் 150 அடி. வரைபடத்தில் 200 அடி என்று போட்டிருக்கும் இடத்தில் உண்மையில் இருப்பது 50 அடி. 160 அடி என்று போட்டிருக்கும் இடத்தில் 10 அடிதான். அங்கே வேக்சர்ஃபிங்கை நினைக்கவே கூடாது.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? பின்பக்கம் கனத்து, மூக்கைத் தூக்கியபடி ஊரும் படகு தண்ணீரைக் கீழ்நோக்கியும் பலமாகத் தள்ளுகிறது. ஆழம் போதாவிட்டால் அலை தட்டையாகி நுரைக்கும், அடியில் இருக்கும் வண்டல் கிளம்பும், அந்த மணல் எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்குள் போகும். குறைந்தது 20 அடி ஆழம் வேண்டும். அதற்குக் கீழே அலையின் வடிவம் கெடுவது போர்டில் நிற்பவரின் காலுக்கே தெரியும்.

மட்டம் மாறுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெகுநாள் அடியில் கிடந்த பாறைத் திட்டு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு அடி கீழே வந்து நிற்கும். அதன் மேல் மிதவை எதுவும் இருக்காது. போன மாதம் பத்திரமாக ஓட்டிய தடம் இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். புது இடத்தில் பலாஸ்ட் நிரப்புவதற்கு முன், காலியான படகில், ஆழமானியைப் பார்த்தபடி மெதுவாக ஒருமுறை முழுத் தடத்தையும் ஓட்டிப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் பனி உருகி வரும் வெள்ளமும், ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழை வெள்ளமும் மரக்கட்டைகளை ஏரிக்குள் கொண்டுவந்து போடும். பாதி மூழ்கிய கட்டை சூரியனை எதிர்கொண்டு ஓட்டுகையில் கண்ணில் படாது. அதனால் காலையில் கிழக்கு நோக்கிய ஓட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

எங்கே, எப்போது

அரிசோனா பக்கத்து வாவீப் படகுத்துறையிலிருந்து இறங்குபவர்களுக்கு வார்ம் க்ரீக் விரிகுடாவும், அதைத் தாண்டிய பாத்ரே விரிகுடாவும் அகலமானவை. அலை கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் வலுவிழக்கும் அளவுக்குத் திறந்த நீர் அங்கே உண்டு. ஆனால் திறந்த நீர் என்றால் காற்றும் உண்டு. பாலைவனத்தில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். விடிந்ததிலிருந்து முற்பகல் வரைதான் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் ஆளை இழுத்துச் செல்வதற்கு, ஏரியை நிர்வகிக்கும் தேசியப் பூங்கா அமைப்பின் விதி இடம் தராது. எனவே உதயத்தின்போது படகு தயாராக, பலாஸ்ட் டாங்க் நிரம்பி நிற்க வேண்டும் என்று திட்டமிடுங்கள். மதியக் காற்று எழுந்த பிறகு நவாஹோ பள்ளத்தாக்கு போன்ற வளைந்த கிளைகள் ஒதுங்கக் கைகொடுக்கும். வளைவுகள் காற்றை உடைக்கும். ஆனால் அலை சுவர்களில் மோதித் திரும்புவது அங்கேதான் அதிகம். அகலமான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வட்டமடிக்காமல் நேர்கோட்டில் போங்கள். ஒருமுறை போனதும் திரும்பி அதே நீரில் உடனே வராமல் தண்ணீர் அடங்கும் வரை காத்திருங்கள். இன்னொரு சர்ஃப் படகு ஏற்கெனவே அந்தக் கிளையில் இருந்தால் வேறு கிளைக்குப் போய்விடுங்கள். இரண்டு படகுகள் ஒரு கிளையில் ஓடினால் இரண்டு பேருக்கும் நல்ல அலை கிடைக்காது.

கரையில் கட்டியிருக்கும் ஹவுஸ்போட்டுகளைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை மணலில் புதைத்த நங்கூரங்களிலும் பாறையில் சுற்றிய கயிறுகளிலும் நிற்பவை. சர்ஃப் படகின் அலை ஒன்று வந்தால் ஐம்பது, அறுபது அடி நீளப் படகு தூக்கி மணலில் அறையப்படும். நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும், அடுப்பில் இருக்கும் பாத்திரம் கவிழும், படிக்கட்டில் நிற்கும் குழந்தை விழும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் 2022-ல் வெளியிட்ட அளவீடுகள், சாதாரணப் படகின் அலை 200 அடியில் எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்குச் சர்ஃப் படகின் அலை குறைய 500 அடிக்கு மேல் தேவைப்படுகிறது என்று காட்டின. அது திறந்த கரையுள்ள ஏரியில் எடுத்த கணக்கு. சுவர்களுக்கிடையில் இன்னும் அதிகம் விடுவதுதான் நியாயம். கூடாரமோ ஹவுஸ்போட்டோ கண்ணில் பட்டால், அந்த வளைவைத் தாண்டும் வரை பலாஸ்ட் நிரப்பாதீர்கள்.

எரிபொருள் கணக்கும் இடத்தோடு சேர்ந்ததே. நடு ஏரியில் பெட்ரோல் கொடுத்துவந்த டாங்லிங் ரோப் படகுத்துறை 2021 முதல் மூடியிருக்கிறது. வாவீப் பக்கத்துக்கும் யூட்டாவில் உள்ள புல்ஃப்ராக் படகுத்துறைப் பக்கத்துக்கும் இடையில் ஏறக்குறைய 95 மைல். பலாஸ்ட் நிரப்பி ஓடும் படகு மணிக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். போக மூன்றில் ஒரு பங்கு, வர மூன்றில் ஒரு பங்கு, கையிருப்பு மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டால், விளையாட்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு குறைவு என்று புரியும். ஆகவே தங்கும் இடத்துக்கு அருகிலேயே சர்ஃப் செய்யும் இடத்தையும் பாருங்கள். இன்னொன்று: கோடையில் யூட்டாவின் கடிகாரம் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். வாடகைப் படகைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தை எந்த மாநிலத்தின் கணக்கில் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படகும் பலாஸ்ட்டும்

ப்ரொப்பெல்லர் படகின் அடியில், பின்விளிம்புக்கு நன்றாக முன்னால் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினுக்கும், எஞ்சின் உள்ளே இருந்தாலும் பின்னோக்கிய ப்ரொப்பெல்லர் வெளியே நீட்டியிருக்கும் ஸ்டெர்ன்டிரைவுக்கும் பின்னால் வேக்சர்ஃபிங் செய்யக்கூடாது. போர்டில் நிற்பவருக்கும் சுழலும் தகடுக்கும் நடுவே சில அடிகள்தான் இருக்கும். எஞ்சின் படகுக்குள்ளேயே பின்பக்கம் உட்கார்ந்த வி-டிரைவ் இன்போர்டுதான் இதற்கென்றே உள்ளது. முன்னோக்கிய ப்ரொப்பெல்லர் கொண்ட ஸ்டெர்ன்டிரைவுகளும் இப்போது உண்டு.

பலாஸ்ட் என்பது ஏரித் தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நடுத்தரப் படகில் 1,000 முதல் 1,800 கிலோ வரை ஏற்றுவார்கள். கூடுதல் பைகளைப் போடும்போது படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டைப் படியுங்கள். ஆட்களின் எடையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. 70 கிலோ ஆள் ஒருவர் ஒரு பக்க இருக்கையிலிருந்து மறுபக்கம் மாறினாலே அலை மாறும். எனவே அலையைச் சரிசெய்யும்போது எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இடது கால் முன்னால் வைத்து நிற்பவருக்குப் படகின் இடப்பக்க அலை. வலது கால் முன்னால் வைப்பவருக்கு வலப்பக்க அலை. அப்படி நின்றால் முகம் அலையைப் பார்க்கும். பழைய படகுகளில் சர்ஃப் செய்யும் பக்கத்தில் கூடுதல் எடை ஏற்றிப் படகைச் சாய்ப்பார்கள். 2012-ல் மலிபு நிறுவனம் சர்ஃப் கேட் என்ற தகடுகளைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அவரவர் வகையில் செய்தார்கள். தகடு இறங்குவது அலைக்கு எதிர்ப்பக்கத்தில். அந்தப் பக்கத்து நீர் பின்னால் வந்து சேர்வது தாமதமாகிறது. அதனால் மறுபக்க அலை கலையாமல், நீளமாக நிற்கிறது. சாய்க்காமல் சமமாகவே எடை ஏற்றினால் போதும்.

வேகம் மணிக்கு 10 முதல் 12 மைல். பெரும்பாலான படகுகள் 10.5-க்கும் 11.5-க்கும் நடுவில் நன்றாக நிற்கும். குறைத்தால் அலை செங்குத்தாகவும் குட்டையாகவும் ஆகும்; கூட்டினால் சாய்வு குறைந்து நீளும். முகட்டில் நுரை வழிந்தால் 0.2 மைல் கூட்டுங்கள்; அப்படியும் போகாவிட்டால் தகட்டை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். அலை உயரமாக இருந்தும் தள்ளு விசை இல்லை என்றால் முன்பக்கத்துக்கு எடை தேவை. பின்னால் மட்டும் எடை குவித்துவிட்டு அலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் அதிகம். முன்னால் 150 கிலோ போட்டாலே வித்தியாசம் தெரியும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இந்த ஏரியில் ஒரு கூடுதல் சிக்கல் உயரம். 3,500 அடிக்கு மேலே காற்று மெலிதாக இருப்பதால், சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். கோடை வெப்பம் அதை இன்னும் குறைக்கும். கடல்மட்டத்துக்கு அருகில் சுலபமாகச் சர்ஃப் வேகத்தைப் பிடித்த படகு இங்கே த்ராட்டிலை முழுதாகத் தள்ளியும் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஒரு அங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லரைப் போடுவது சரியான தீர்வு. அது கையில் இல்லையென்றால் பின்பக்க பலாஸ்ட்டைக் கால்வாசி குறையுங்கள். எஞ்சினை வற்புறுத்தி ஓட்டினால் பெட்ரோலும் சூடும்தான் ஏறும்.

பலாஸ்ட் பம்ப் ஓடுகிறது, டாங்க் நிரம்பவில்லை என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கலாம். சில நொடிகள் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். கரையோரம் நின்று நிரப்பாதீர்கள். மணல் உள்ளே போய், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்களைத் தின்றுவிடும். சூடான நாளில் அணைத்த எஞ்சினை மீண்டும் இயக்கும் முன் ப்ளோவரை (எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி) நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். பெட்ரோல் ஆவி எஞ்சின் அறையில் தங்கும்.

பலாஸ்ட் நிறைந்த படகின் முன்விளிம்பு தண்ணீருக்கு வெகு அருகில் இருக்கும். எதிரே வரும் சுற்றுலாப் படகின் அலையில் திடீரென்று த்ராட்டிலை விட்டால் மூக்கு அமிழ்ந்து தண்ணீர் உள்ளே கொட்டும். அலை வருவது தெரிந்தால் முன்கூட்டியே மெல்லக் குறைத்து, சற்றுக் கோணத்தில் ஏறுங்கள். முன் இருக்கையில் இருப்பவர்களைப் பின்னால் வரச் சொல்லுங்கள்.

போர்டில் ஏறுவது

கயிறு 20 அடி அளவு, நீளாத வகை, கனமாக. தண்ணீரில் மல்லாந்து மிதந்து, போர்டைப் படகுக்குக் குறுக்காக வைத்து, இரண்டு குதிகால்களையும் அதன் ஓரத்தில் ஊன்றுங்கள். முழங்கால் மடங்கி, கை நீண்டு இருக்கட்டும். ஓட்டுநர் கியரில் போட்டுக் கயிற்றின் தொய்வை எடுத்த பிறகு, நிதானமாக வேகம் கூட்ட வேண்டும். குதிகாலை அழுத்தினால் போர்டு எழுந்து உள்ளங்காலில் ஒட்டும். அப்போது எழ அவசரப்படாதீர்கள். படகு உங்களைத் தூக்கும். கையை மடக்கி இழுத்தால் கட்டாயம் விழுவீர்கள். நின்றதும் பிடியை முன்பக்க இடுப்புக்கு அருகில் வையுங்கள். கயிற்றைக் கையில் சுற்றுவதோ, பிடிக்குள் கையை நுழைப்பதோ எப்போதுமே கூடாது.

அலையின் மடிப்புக்குள் வந்ததும் முன்காலில் எடை போட்டால் முன்னே போவீர்கள், பின்காலில் போட்டால் பின்தங்குவீர்கள். புதியவர்கள் படகு அருகில் வருவதைக் கண்டு பயந்து பின்காலில் சாய்கிறார்கள். அலை அவர்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. முன் முழங்காலை மடக்கி, மார்பை அதன் மேல் கொண்டுவந்தால் இது தீரும். இழுக்காமலே கயிறு தொய்ந்தால் அலை உங்களைத் தள்ளுகிறது என்று பொருள். அப்போது பிடியைப் படகில் உள்ளவரிடம் வீசிவிடுங்கள், அவர் உடனே சுருட்டி எடுக்கட்டும். தளர்ந்து கிடக்கும் கயிறு கால், கழுத்து எதிலும் மாட்டும்.

விழுந்தவரை எடுக்க ஓட்டுநர் உடனே வேகமாகத் திரும்பக் கூடாது. நேராகவே வேகத்தைக் குறைத்து, அலை முன்னே போன பிறகு ஊர்ந்தபடி திரும்பி வர வேண்டும். வட்டமடித்தால் இரண்டு அலைகள் மோதி, விழுந்தவர் தலைமேலும் படகுக்குள்ளும் விழும். ஆரஞ்சுக் கொடியை உடனே உயர்த்துங்கள். ஓட்டுநரைத் தவிர, குறைந்தது 12 வயதான ஒருவர் பின்னால் பார்த்தபடி இருப்பது விதி; பெரியவராக இருப்பது நல்லது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

கார்பன் மோனாக்சைடு

2000 ஆகஸ்டில் இந்த ஏரியில் ஒரு ஹவுஸ்போட்டின் பின்மேடைக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகையில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். படகுகளின் பின்புறத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற இந்த நச்சு வாயு எவ்வளவு தேங்குகிறது என்று அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் அளந்து பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். வேக்சர்ஃபிங்குக்கு இது நேரடியாகப் பொருந்தும். மெதுவான வேகம், தூக்கிய மூக்கு, தாழ்ந்த பின்புறம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் புகை படகுக்குள்ளேயே சுழன்று திரும்பும். பின்னால் இருந்து காற்று வீசினால் இன்னும் மோசம். போர்டில் நிற்பவரும் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவரும் அதைச் சுவாசிக்கிறார்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை வெயிலாலும் வரும் என்பதால் இங்கே ஏமாறுவது சுலபம். பின்னிருக்கையில் குழந்தை தூங்கி விழுந்தால் களைப்பு என்று விடாதீர்கள். எஞ்சினை அணைத்து, படகுக்கு வெளியே நல்ல காற்றுக்குக் கொண்டுபோங்கள். புகைக் குழாயை நீருக்குள் கீழ்நோக்கித் திருப்பும் இணைப்பு பல படகுகளுக்குக் கிடைக்கிறது. வாங்குவது வீண் செலவல்ல. படகுக்குள் வாயு எச்சரிக்கைக் கருவி வையுங்கள். பின்மேடையில் ஆள் இருந்தால் எஞ்சின் ஓடக்கூடாது. பள்ளத்தாக்குகளில் கைபேசி எடுக்காது. கடல்வானொலியின் 16-ஆம் அலைவரிசையும் சுவர்களுக்குள் எட்டாமல் போகலாம், அதனால் திறந்த நீருக்கு வரும் வழி ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏரியை விட்டு ஏறும்போது

க்வாகா மசல் என்ற சிறு சிப்பி இந்த ஏரியில் நிலைகொண்டுவிட்டது. மட்டம் இறங்கிய பாறைகளில் அதன் ஓடுகள் கத்தியாக ஒட்டியிருக்கும், வெறுங்காலோடு கரையேறாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் பலாஸ்ட் டாங்கில் மிச்சமிருக்கும் தண்ணீரில் பயணம் செய்யும். பம்ப் காற்றை இழுத்துச் சத்தம் மாறியதும் டாங்க் காலி என்று நினைக்கிறோம். அடியில் இன்னும் பல லிட்டர் இருக்கும். படகை நீரிலிருந்து ஏற்றும் சரிவான ராம்ப்பில் அதன் மூக்கு மேலே தூக்கி நிற்கும்போது எல்லா பம்புகளையும் மறுபடி ஓட்டுங்கள். அடைப்பான்கள் அனைத்தையும் கழற்றி, வண்டி ஓடும் வழியெல்லாம் கழற்றியே வையுங்கள். கூடுதல் பைகளை மடிக்காமல் வாய் திறந்து தொங்கவிடுங்கள். வேறு ஏரியில் இறக்குவதாக இருந்தால் சூடான நீரால் சுத்தம் செய்யும் நிலையத்துக்கு முன்னதாகவே நேரம் கேட்டுவையுங்கள்: வெளிப்புறத்துக்கு 60 டிகிரி செல்சியஸ், டாங்குகளுக்கும் எஞ்சினுக்கும் 49 டிகிரி. பலாஸ்ட் உள்ள படகுக்குச் சாதாரணப் படகைவிட நேரம் அதிகம் பிடிக்கும், விடுமுறை நாட்களில் வரிசையும் நீளம். முடிந்ததும் தரும் சீட்டையும் முத்திரையையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஏரியின் வாசலில் முதலில் கேட்பது அதைத்தான்.